விமானத்தின் உடலுக்கு எந்த உலோகம்?

எஃகு அலுமினியத்தைவிட வலுவானது. டைட்டானியம் எடையில் இரண்டுக்கும் நடுவில் நின்றாலும், வலிமையில் நல்ல எஃகோடு மல்லுக்கு நிற்கும். அப்படியிருந்தும் பயணிகள் விமானங்களின் உடலைப் பல பத்தாண்டுகளாக அலுமினியத்திலேயே செய்துவந்தார்கள். ஏன் என்று கேட்டால் "எடை குறைவு" என்று சட்டெனப் பதில் வரும். தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.85 கிராம், டைட்டானியக் கலவை 4.43, அலுமினியக் கலவை 2.78. இழுத்தால் எவ்வளவு நீள மறுக்கிறது என்பதைக் காட்டும் விறைப்பு, கிகாபாஸ்கல் கணக்கில் முறையே 205, 114, 72. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் மூன்றுக்குமே 26-ஐ ஒட்டித்தான் விடை வரும். அதாவது ஒரே எடையில் மூன்றும் ஒரே அளவு விறைப்பு. முதன்முதலாக இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சரி, அப்படியானால் எஃகே போதுமே? போதாது. விமான உடல் என்பது இழுத்துக் கட்டிய கம்பி அல்ல, மெல்லிய தகடு. தகட்டின் தடிமனை இரட்டித்தால் அது வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும். ஒரே எடைக்கு அலுமினியத் தகடு எஃகைவிட 2.8 மடங்கு தடிமனாக இருக்கும். கூட்டிக் கழித்தால், நெளியாமல் நிற்பதில் அது எஃகை ஏறக்குறைய எட்டு மடங்கும் டைட்டானியத்தை இரண்டரை மடங்கும் முந்துகிறது. 1 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சம எடையில் எஃகு வேண்டுமென்றால் 0.35 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலையை உள்ளே பதிக்கக்கூட அதில் இடமிருக்காது.

தகடாக இல்லாத இடத்தில் கதை மாறும். அந்தக் காலத்து விமான உடல் குழாய்ச் சட்டகம். மேலே துணி போர்த்தியிருப்பார்கள். அங்கே குரோமியம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்தான் ராஜா. வெல்டிங்குக்கு எளிதில் இணங்கும், அடிபட்டால் வெட்டி ஒட்டலாம். சாகச விமானங்களில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். வெளித்தோலே சுமை தாங்கும் அமைப்பு வந்த பிறகுதான் அலுமினியம் மேலே வந்தது: குறுக்கே வளையச் சட்டங்கள், நீளவாட்டில் ஸ்ட்ரிங்கர் எனப்படும் மெல்லிய பட்டைகள், அவற்றின் மேல் ரிவெட் அடித்த தகடு.

என்னைக் கேட்டால் உண்மையான போட்டி எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் இல்லை. அலுமினியத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில்தான்: செம்பு கலந்த 2024, துத்தநாகம் கலந்த 7075.

குடும்ப வரலாறு சுவாரசியமானது. 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்பவர் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்தார். அப்போது அது மென்மையாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து அளந்தால், யாரும் தொடாமலே கடினமாகியிருந்தது. அதுவே டியூராலுமின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2024 அதன் வாரிசு. இந்தக் குணம் பட்டறையிலும் தொடர்கிறது. 2024-இல் செய்த ரிவெட்டுகளைச் சூடேற்றிக் குளிர்வித்ததும் நேராக உறைபெட்டியில் வைப்பார்கள். வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும். தாமதமானால் கெட்டிப்பட்டு, அடிக்கும்போதே வெடிக்கும். 7075 பின்னால் வந்தது. அதன் முன்னோடியை 1930-களில் ஜப்பானில் உருவாக்கி, ஜீரோ போர் விமானத்தின் இறக்கை உத்தரத்தில் போட்டார்கள்.

வலிமையில் 7075 கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு முன்னால் நிற்கிறது. நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை 7075-டி6-க்குச் சுமார் 500 மெகாபாஸ்கல், 2024-டி3-க்கு 345 (டி6, டி3 என்பவை உலோகத்தைப் பதப்படுத்திய முறையின் குறியீடுகள்). அப்படியானால் உடலின் தோலுக்கு 7075-ஐப் போட்டுத் தகட்டை இன்னும் மெல்லியதாக்கலாமே?

உயரத்தில் பறக்கும்போது கேபினின் உள்ளழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சுமார் 0.55 பார் அதிகம். ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்தரை டன் வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் விட்டமுள்ள உடலில் 1 மில்லிமீட்டர் தகடு மட்டுமே இதைத் தாங்குவதாகக் கொண்டால், சுற்றளவு வாக்கில் வரும் இழுதகைவு, அதாவது தகட்டின் குறுக்குப் பரப்பில் விழும் இழுவிசை, 110 மெகாபாஸ்கல். 2024-இன் எல்லையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஒரு தடவை தாங்குவது பிரச்சினையே அல்ல. மேலே ஏறும்போது ஊதி, இறங்கும்போது சுருங்கி, இது பல பத்தாயிரம் தடவை நடக்கிறது. எங்கோ ஒரு ரிவெட் துளையில் மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும். வந்த விரிசல் மெதுவாக நகருமா, பாய்ந்து ஓடுமா என்பதுதான் கேள்வி. 2024-இல் மெதுவாக நகரும். பரிசோதகர் கண்டுபிடிக்க அவகாசம் தரும். 7075-டி6 அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் தானாகவே விரிசல் விடும் நோயும் அதற்கு உண்டு. டி73 என்ற வெப்பச் சிகிச்சை அதைக் கட்டுப்படுத்தும், ஆனால் 10 முதல் 15 சதவீத வலிமையை விலையாக வாங்கிக்கொள்ளும்.

அதனால்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஊதிச் சுருங்கும் தோல் 2024. அமுக்கத்தைத் தாங்கும் ஸ்ட்ரிங்கர்களும் தடித்த பாகங்களும் 7075. செம்பு கலந்ததால் 2024 அரிமானத்துக்குச் சுலபமாக இரையாகும் என்பதால், தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் படியவைக்கிறார்கள்.

பொறுமைசாலிக்கும் எல்லை உண்டு. 1954-இல் இரண்டு காமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் என்பதால், உடைந்தாலும் வெடித்துச் சிதறாது. பறந்த தடவைகளையும் சேர்த்து 3,057-வது சுற்றில், ஜன்னல் மூலையை ஒட்டிய ஒரு துளையிலிருந்து அது கிழிந்தது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-இல் நடந்தது இன்னும் நுணுக்கமானது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் பசையும் ரிவெட்டும் சேர்ந்து சுமை தாங்க வேண்டும். உப்புக்காற்றில் பசை விட்டுப்போனது, முழுச் சுமையும் ரிவெட்டுகளுக்கு வந்தது. தகடோ 0.9 மில்லிமீட்டர். ரிவெட் தலையைப் பதிக்கக் குடைந்த பள்ளம் தகட்டின் அடிவரை போய், துளையின் விளிம்பு கத்தி முனைபோல ஆகியிருந்தது. 89,680 பறப்புகளுக்குப் பிறகு, வரிசையாகப் பல துளைகளில் கிளம்பிய குட்டி விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. கூரையில் ஐந்தரை மீட்டர் நீளம் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். இதில் 2024-ஐக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு விரிசலை அது பொறுத்திருக்கும். ஒரே வரிசையில் பத்து வந்தால் எதுதான் பொறுக்கும்?

வேகம் ஏறினால் தோல் சூடேறி அலுமினியம் சரணடைந்துவிடும், ஏனென்றால் 150 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அதன் வலிமை கரையத் தொடங்குகிறது. மாக் 2-இல், அதாவது ஒலியின் இரு மடங்கு வேகத்தில், பறந்த கான்கார்டு வெப்பம் தாங்கும் ஒரு தனி அலுமினியக் கலவையோடு சமாளித்தது. அதற்கு மேல் போனவர்கள் இரண்டு வழியில் பிரிந்தார்கள். சோவியத் மிக்-25 போர் விமானத்தைப் பெரும்பாலும் எஃகில் வெல்டு செய்து எழுப்பினார்கள். கனம்தான், ஆனால் பட்டறைக்குப் பழகிய வேலை. அமெரிக்கர்கள் எஸ்ஆர்-71 உளவு விமானத்தை டைட்டானியத்தில் செய்து படாத பாடு பட்டார்கள். கோடையில் வெல்டு செய்த பாகங்கள் சீக்கிரம் பழுதாயின, குளிர்காலத்தில் செய்தவை நன்றாக இருந்தன. தேடிப் பார்த்தால், பாகங்களைக் கழுவிய குழாய்த் தண்ணீரில் கோடையில் பாசி வளராமலிருக்கச் சேர்த்த குளோரின்! அப்புறம் வடிகட்டிய நீருக்கு மாறினார்கள்.

மெக்னீசியம் எல்லாவற்றையும்விட இலேசு. ஆனால் அரிமானமும் தீப்பிடிக்கும் அச்சமும் அதை ஓரங்கட்டிவிட்டன.

இப்போதைய சண்டை கார்பன் இழையோடு. போயிங் 787-இன் எடையில் பாதி கார்பன் இழையைப் பிசினில் பதித்த இழைக்கலவை, 20 சதவீதம் அலுமினியம், 15 சதவீதம் டைட்டானியம். இந்த டைட்டானியம் வேகத்துக்காக வந்ததல்ல. கார்பனை ஒட்டி அலுமினியம் இருந்து ஈரமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலமாகி அலுமினியத்தை அரித்துவிடும், டைட்டானியம் அசையாது. கார்பனுக்கு, சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி விரிசல் விடும் உலோகச் சோர்வு என்ற கவலையும் பெரிதாக இல்லை. வழக்கமாக 8,000 அடி உயரத்துக் காற்றுபோல் வைக்கும் கேபின் அழுத்தத்தை 787-இல் 6,000 அடிக்கு, அதாவது இன்னும் கூடுதல் அழுத்தத்துக்கு, கொண்டுவர முடிந்ததற்கு அது ஒரு காரணம்.

அலுமினியமும் சும்மா இருக்கவில்லை. அதில் கலக்கும் ஒவ்வொரு சதவீத லித்தியத்துக்கும் அடர்த்தி 3 சதவீதம் குறைந்து விறைப்பு 6 சதவீதம் ஏறுகிறது. ஏர்பஸ் ஏ220 விமானத்தில் இறக்கை கார்பன், உடல் அலுமினியம்-லித்தியம். சிறிய விமானங்களுக்கு இந்தக் கலப்புத்தான் சரி என்பது என் கட்சி. சிறிய உடலில் அழுத்தத்துக்குத் தேவையான தடிமன் குறைவு. ஆலங்கட்டிக்கும் தரையில் படும் அடிக்கும் பயந்து கார்பனை அதைவிடத் தடிமனாகவே போட வேண்டியிருக்கும், எடை லாபம் அதில் கரைந்துபோகும். இன்னொன்றும் உண்டு. சரக்கு ஏற்றும் வண்டி உடலில் இடித்தால் அலுமினியம் நசுங்கும், பார்த்தாலே தெரியும், அந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம். கார்பனில் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மீயொலிக் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும், அதுவும் இடித்தவர் வந்து சொன்னால்தான்.