உயர்த்திய டகோமாவில் கசியும் ஆக்சில் பூட்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்களிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு டொயோட்டா டகோமா, நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப். வசிப்பது கொலராடோவில் என்பதால் மலைப்பாதைகளுக்கு வேண்டி முன்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தினேன். முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுதான் ஆக்சில்; அதன் மூட்டுகளை மூடி, கிரீஸை உள்ளே வைத்திருக்கும் ரப்பர் உறைதான் பூட். அடுத்த கோடைக்குள் இரண்டு பக்கமும் உள் பூட்டில் கிரீஸ் கசியத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் டகோமாவோ அதே டொயோட்டாவின் ஃபோர்ரன்னரோ வைத்து உயர்த்திய நம்மவர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. பணிமனைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஆக்சிலை மாற்றிவிடலாம்" என்பதுதான். அவசரப்படாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வண்டியோடு வந்த ஆக்சில் அருமையான பொருள். பெரும்பாலான கசிவுகளில் ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வண்டியின் உயரத்தைச் சிறிது குறைத்து, பூட்டையும் அதைக் கவ்விப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்பையும் ஒழுங்காகப் போட்டாலே போதும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. முன்சக்கரத்தைக் கழற்றியதும் சேசிஸ் சட்டத்தின் பக்கவாட்டில், அடித்தகட்டின் மேல், கறுப்பாக ஒரு கோடு விசிறியடித்திருக்கும். சுழலும் பூட்டிலிருந்து கிரீஸ் நேராக வெளிப்பக்கம் தெறிக்கும். ஆகவே அந்தக் கோட்டுக்கு நேரே பூட்டில் எந்த இடம் வருகிறதோ அங்கேதான் வாய் திறந்திருக்கிறது. இரு ஆக்சில்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் நடுப் பெட்டியான டிஃபரென்ஷியல் பக்கம் கோடு இருந்தால் உள் பூட். சக்கரத்தின் உட்புறத்திலும் பிரேக் மேலும் இருந்தால் வெளிப் பூட். அந்தக் கிரீஸைச் சிறிது எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் மூட்டு பிழைத்தது. மணல்போல் நறநறத்தால் உள்ளே உருளைகளும் தேயத் தொடங்கியிருக்கும், அப்போது பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. என் வண்டியில் இரு பக்கமும் வழுவழுப்பாகவே இருந்தது. ரப்பரிலும் கிழிசல் இல்லை. கிளாம்ப்பின் அடியிலிருந்துதான் கிரீஸ் பிதுங்கியிருந்தது.

ஏன் கசிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தீர்வு அதற்குள்தான் இருக்கிறது. முன் ஆக்சிலில் பக்கத்துக்கு இரண்டு மூட்டுகள். சக்கரத்தை ஒட்டி இருப்பது ஆறு குண்டுகள் கொண்ட வகை. 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் வடிவமைத்த அமைப்பு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. டிஃபரென்ஷியலை ஒட்டி இருப்பது மூன்று உருளைகள் கொண்ட மூன்றுகால் மூட்டு, அதாவது டிரைபாட். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ஆக்சிலின் நீளம் கூடிக் குறைய வேண்டுமே, அந்த வேலையை டிரைபாட் பார்த்துக்கொள்கிறது. இரண்டின் மேலும் மடிப்பு மடிப்பான உறை, அதுதான் பூட்.

இந்த வண்டியில் முன்சக்கர இயக்கத்தைத் துண்டிக்கும் பொறி டிஃபரென்ஷியலில் இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் பூட்டித் திறக்கும் ஹப் கிடையாது. ஆகையால் பின்சக்கர இயக்கத்தில் நெடுஞ்சாலையில் போனாலும் முன் ஆக்சில்கள் இரண்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கும். மலைப்பாதையில் ஊர்ந்து போவதால் பூட் கெடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 265/70 அளவு, 17 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 40,000 சுற்று. ஆக்சில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பூட்டின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு முறை விரிந்து ஒரு முறை நசுங்குகிறது. இரண்டு மூட்டுகளுக்கும் இடையிலான தூரம் அரை மீட்டருக்கும் குறைவுதான். அதில் மூன்று அங்குலம் உயர்த்தினால் சாய்வு ஒன்பது, பத்து பாகை வரை கூடிவிடுகிறது. நசுங்கும் பக்கத்தில் மடிப்பும் மடிப்பும் உரசுகின்றன, சூடு ஏறுகிறது, கிரீஸ் இளகுகிறது, கிளாம்ப்பின் அடியில் பூட்டின் விளிம்பான ரப்பர் உதடு அசைய அசைய வெளியே வழிகிறது. இதைத் தயாரிப்பாளரின் குறை என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் வைத்த உயரத்தில் இதே பூட் பத்து ஆண்டுக்கு மேல் கசியாமல் காய்ந்து கிடப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில் செய்தது கிளாம்ப் மாற்றம். ஆக்சிலைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய கிளாம்ப்பை வெட்டி எடுத்து, உதட்டைத் தூக்கி அடியைத் துடைத்து, புதிய துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப்பைப் போட வேண்டும். இங்கே ஒரே ஒரு விஷயத்தில்தான் வெற்றியும் தோல்வியும். உதடு உட்காரும் பள்ளத்தில் ஒரு படலம் கிரீஸ் இருந்தாலும் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் வழுக்கும். பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து, துணியில் கறை படாத வரைக்கும் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். நேரடியாகப் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்துவிடும். திருகாணி வைத்த சாதாரணக் குழாய்க் கிளாம்ப்பைப் பலர் போடுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் திருகாணி இருக்கும் இடம் புடைத்து நிற்கும், வட்டமும் சீராக இறுகாது. காதுபோல் புடைத்த மடிப்பு வைத்த கிளாம்ப்பும் அதற்கான குறடும் வாங்குவதே மேல். காதை நெருக்கியதும் வட்டம் முழுவதும் ஒரே அழுத்தம் கிடைக்கிறது.

அதன் பிறகு யூட்டாவுக்குப் போய், கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 160 கிலோமீட்டர் நீளமுள்ள வைட் ரிம் சாலையை முழுதும் சுற்றி வந்தோம். வலப்பக்கம் ஒரு சொட்டும் இல்லை. இடப்பக்கத்தில் மட்டும் செம்மண் தூள் ஒட்டிய ஈரம் ஒரு வளையம்போல் தெரிந்தது. தெறிக்கும் அளவுக்கு இல்லை என்றாலும் ஈரம் ஈரம்தான். அந்தப் பூட்டின் மடிப்புகளுக்கு நடுவே விரலை ஓட்டியபோது உரசிய இடம் பளபளவென்று மெலிந்திருந்தது. சாய்வு அப்படியே இருக்கும்போது கிளாம்ப்பை மட்டும் குறைசொல்ல முடியாது என்று அப்போது தெளிவாகிவிட்டது.

சாய்வைக் குறைக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். டிஃபரென்ஷியலைக் கீழே இறக்கும் கிட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதில் வருவது முன் தாங்கிகளுக்கு மட்டுமான ஒரு அங்குல உலோக வளையம். பின் தாங்கி இருந்த இடத்திலேயே இருப்பதால் டிஃபரென்ஷியல் முழுவதாக இறங்காமல் முன்பக்கம் தலை குனிகிறது, ஆக்சில் வெளிவரும் மையம் ஒரு அங்குலத்துக்கும் குறைவாகவே இறங்கும். அதற்காக அடித்தகட்டையும் இறக்கித் தரை இடைவெளியை இழக்க வேண்டும். தரை இடைவெளிக்காகத்தானே வண்டியையே உயர்த்தினோம்! நான் அதைப் போடவில்லை. சக்கரத்தைச் சட்டத்தோடு மேற்புறத்தில் இணைக்கும் மேல் கட்டுப்பாட்டுக் கையை மாற்றச் சொல்வோரும் உண்டு. உயர்த்திய வண்டியில் சக்கரக் கோணத்தைச் சரியாக அமைக்க அது உதவும், நானும் போட்டிருக்கிறேன். ஆக்சில் சாய்வுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மலிவான மாற்று ஆக்சில் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: வேண்டாம். நண்பர் ஒருவரின் ஃபோர்ரன்னரில் பூட் கசிவுக்காக இரண்டு பக்கமும் புதிய ஆக்சில் போட்டார்கள். வேகமெடுக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். அந்த நடுக்கம் பழைய ஆக்சிலில் இருந்ததே இல்லை. கடைசியில், பத்திரமாக எடுத்து வைத்திருந்த பழைய ஆக்சிலுக்குப் புதுப் பூட் போட்டு மீண்டும் மாட்டினோம். நடுக்கம் போய்விட்டது. பணிமனை ஆக்சிலை மாற்றச் சொல்வதற்குக் காரணம் கூலிதான். பூட் மாற்றுவது மணிக்கணக்கில் பிடிக்கும் அழுக்கு வேலை; ஆக்சில் மாற்றுவது சட்டென்று முடியும். வேலையைப் பிறரிடம் கொடுப்பதாக இருந்தாலும் "பூட் மட்டும் மாற்றித் தாருங்கள், பழைய ஆக்சிலே வேண்டும்" என்று கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

எனவே நான் தேர்ந்தது உயரத்தைக் குறைப்பது. என் முன் ஸ்பிரிங்கின் அடியில் மரையிட்ட வளையம் உண்டு, அதைத் திருகி உயரத்தை மாற்றலாம். ஸ்பிரிங் சக்கரத்துக்கும் கீழ்க் கட்டுப்பாட்டுக் கையின் உட்பக்க முனைக்கும் ஏறத்தாழ நடுவில் இருப்பதால், வளையத்தை அரை அங்குலம் இறக்கினால் சக்கரத்தில் ஒரு அங்குலம் இறங்கும். மூன்று அங்குலம் இரண்டானது. பார்வைக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. ஆக்சிலின் சாய்வில் நன்றாகத் தெரிந்தது. பூட்டின் கீழ் மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது.

அதே வார இறுதியில் இரு பக்கமும் ஆக்சிலைக் கழற்றி நான்கு பூட்டுகளையும் மாற்றினேன். தொழிற்சாலைப் பாக கிட் வாங்கினால் பூட், கிளாம்ப், பூட்டு வளையம், உள் மூட்டுக்கும் வெளி மூட்டுக்கும் தனித்தனிக் கிரீஸ் பொட்டலம் எல்லாம் சேர்ந்தே வரும். இரண்டு கிரீஸும் ஒன்றல்ல, மாற்றிப் போடக் கூடாது.

சக்கர மையத்தின் மூடியைத் தட்டிக் கழற்றி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை இழுத்துவிட்டு, 35 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். ஏபிஎஸ் கம்பியையும் பிரேக் குழாயையும் அவற்றின் பிடிப்புகளிலிருந்து விடுவித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கட்டத்தில் அவை இழுபட்டு அறுந்துபோகும். கீழ்ப் பந்துமூட்டின் போல்ட்டுகளை எடுத்ததும் சக்கரத்தாங்கி வெளிப்பக்கம் சாயும், ஆக்சிலின் வெளிமுனை நழுவி வந்துவிடும். உள்முனை ஒரு கம்பி வளையத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். கடப்பாரையின் நுனியை வைத்துச் சுருக்கென்று ஒரு நெம்பு நெம்பினால் விடுபடும். வெளியே எடுக்கும்போது ஆக்சிலைக் கையால் தாங்கி நேராக இழுக்க வேண்டும். அதன் பல்வரிசை ஆயில் சீலில் உரசினால் கிரீஸ் கசிவு போய் ஆயில் கசிவு வந்துவிடும். கொஞ்சம் ஆயில் எப்படியும் வழியும், அடியில் தட்டு வைத்து, முடிவில் அளவைச் சரிபாருங்கள்.

மேசையில் வைத்துப் பிரிக்கும் வேலையில்தான் பொறுமை வேண்டும். டிரைபாட்டையும் தண்டையும் டிரைபாட் உட்காரும் கிண்ணத்தையும் இணைத்து வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தேய்ந்து பழகிய பரப்புகள் மீண்டும் அதே ஜோடியாகச் சேர வேண்டும். டிரைபாட்டின் உருளைகள் கழன்று விழாமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஊசிபோன்ற பேரிங்குகள் தரையில் சிதறும். வெளி மூட்டைத் தண்டிலிருந்து பிரிக்க முயலக் கூடாது. வெளிப் பூட்டையும் உள்முனை வழியாகவே நுழைத்துக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் ஒன்று மாற்றும்போதே இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. பல்வரிசையின் கூர் புதிய ரப்பரைக் கீறாமல் இருக்கத் தண்டின் முனையிலும் டேப் சுற்றினேன். டிரைபாட்டைத் திரும்ப ஏற்றும்போது அதன் சரிவு வெட்டிய பக்கம் வெளி மூட்டை நோக்கி இருக்க வேண்டும்.

கிளாம்ப் போடும் முன் உள் மூட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நடுவாக நிறுத்தி, மெல்லிய திருப்புளியின் நுனியைச் சிறிய உதட்டின் அடியில் நுழைத்தேன். புஸ்ஸென்று காற்று போயிற்று, பூட் தன் வடிவத்துக்கு வந்தது. காற்று உள்ளே அடைபட்டிருந்தால் சூட்டில் விரிந்து பூட்டை உப்பவைக்கும், குறைவாக இருந்தால் மடிப்பு உள்வாங்கும். பிறகு அதே துடைப்பு, அதே காதுக் கிளாம்ப். மாட்டிய பின் நடு நட்டுக்கு 235 நியூட்டன் மீட்டர், புதிய காட்டர் பின், கடைசியாகச் சக்கரக் கோணம் சரிபார்ப்பு. உயரம் மாறியதால் இது தவிர்க்க முடியாதது.

அதற்குப் பின் பல குளிர்காலம் கடந்துவிட்டது. கொலராடோ சாலைகளில் பனி உருக மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள். அது இரும்பைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 3,997 மீட்டர் உயரத்திலுள்ள இமோஜீன் கணவாய்க்குப் போய் வந்தும், அதைவிட முக்கியமாக, டென்வரிலிருந்து நெடுந்தூரம் நெடுஞ்சாலையில் ஓட்டியும், உள் பூட்டுகள் நான்கு உதடுகளிலும் காய்ந்தே இருக்கின்றன. வலது வெளிப் பூட்டில் மட்டும் ஒரு மடிப்பின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. கிரீஸ் வரவில்லை. முழுதாகத் திரும்பும்போது டிக் டிக் ஓசையும் இல்லை, ஆகவே மூட்டு நலமாக இருக்கிறது. மழைக்காலச் சேறு உள்ளே போகும் முன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, அதே ஆக்சிலுக்கு இன்னொரு கிட் போடப் போகிறேன்.