தண்ணீர்மலைப் படிகளால் வந்த வலி அல்ல

லண்டனிலிருந்து பினாங்குக்கு மூன்று வார விடுப்பில் வந்த என்னை இரண்டாம் நாளே தொண்டை வலியும் சளியும் பிடித்துக்கொண்டன. வீட்டருகே இருந்த கிளினிக்கில் மருத்துவர் கனிவாகப் பார்த்து, ஏழு நாளுக்குக் கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை அங்கேயே கொடுத்தனுப்பினார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் கொழுப்பைக் குறைக்க இரவுதோறும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் உட்கொள்கிறேன் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உடம்பு தேறியதாக எண்ணித் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினேன். மறுநாள் தொடைகள் வலித்தபோது படிகளின் மேல்தான் பழியைப் போட்டேன். ஆனால் அதற்கடுத்த நாள் தோள்களும் இருபுறமும் ஒரே அளவில் வலித்தன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. படியேறியதற்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்?

தைலம் வாங்கச் சென்ற மருந்தகத்தில் இளம் மருந்தாளுநர் ஒருவர், “அங்கிள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் தடுத்துவிடுவதால், இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயர்ந்து தசைகளைப் பாதிக்கும் என்றும், இவ்விரண்டையும் சேர்த்து உட்கொள்ளவே கூடாது என்றும் விளக்கி, தசை சிதைவதன் அறிகுறியாகச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா என்றும் விசாரித்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்.

சிகே என்னும் தசை நொதி 1,100 இருந்தது. வழக்கமான மேல் வரம்பு ஏறத்தாழ 200. ஆபத்தின் எல்லையாகக் கருதப்படும் பத்து மடங்கைத் தாண்டவில்லை, சிறுநீரகமும் நன்றாக இருந்தது. தைராய்டு குறைவும் தசை வலியைக் கூட்டும் என்பதால் அதையும் சோதித்த மருத்துவர், சிம்வாஸ்டாட்டினை உடனே நிறுத்தச் சொன்னார். ஆனால் ஸ்டென்ட் உள்ளவர் கொழுப்பு மாத்திரையே வேண்டாமென்று இருந்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

கொழுப்பைக் குறைக்குமென்று அன்பினால் மைத்துனர் வாங்கி வந்த சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை நான் தொடவில்லை. அதிலுள்ள மொனாகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்னும் அதே வகை மருந்துதான்.

இரண்டு வாரத்தில் வலி நீங்கி, சிகே 160-க்கு இறங்கியது. அந்தக் கல்லீரல் நொதியைச் சாராத ரோசுவாஸ்டாட்டின் என்னும் வேறொரு கொழுப்பு மாத்திரையை, ஆசியர்களின் இரத்தத்தில் அது ஏறக்குறைய இரு மடங்கு சேர்வதால், 5 மில்லிகிராமில் தொடங்கினேன். புறப்படுமுன் முதல் கிளினிக்குக்குச் சென்று பரிசோதனை அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். என் அட்டையில் நான் உட்கொள்ளும் மருந்துகளை எல்லாம் எழுதிக்கொண்டார்கள்.