தார் வெடிப்பை அடைக்கும் எமல்ஷன்: ஒரு மழைக்காலம் கடந்த பின்

மணலியில் எங்கள் வீட்டு கேட்டிலிருந்து ஷெட் வரை அப்பா லாரி வைத்திருந்த காலத்தில் ஜல்லி பரப்பிப் போட்ட தார்த் தளம் இன்றும் இருக்கிறது. ஆனால் வெயிலும் காற்றும் பட்டுத் தார் இறுகி, விரல் நுழையும் அளவுக்கு அதில் நீள நீளமாக வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்பில் இறங்கும் நீர் அடிமண்ணை இளக்கிவிட்டால் தளமே அமிழ்ந்துவிடும் என்பதால், மார்ச் மாதத்திலேயே பாரிமுனையில் 20 கிலோ வாளியாக பிட்டுமன் எமல்ஷன் வாங்கி வந்தேன்.

தாரை நுண்துளிகளாக்கி நீரில் கலந்திருப்பதால் இதைக் காய்ச்ச வேண்டியதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அடுப்பும் புகையும் இல்லாமல் வேலை முடிவது பெரிய நிம்மதி. ஊற்றும்போது பழுப்பாக இருக்கும் கலவை நீர் வற்ற வற்றக் கறுக்கும். பழுப்பு எங்கும் தெரியாதபோதுதான் அதில் கால் வைக்கலாம்.

உழைப்பெல்லாம் அடைப்பதற்கு முன்புதான். புல்லை வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷ்ஷால் வெடிப்பின் ஓரங்களைச் சுரண்டி, தாரைக் கரைக்கும் எஞ்சின் ஆயில் கறைகளைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, தளம் முழுதும் உலரும் வரை காத்திருந்ததில் இரண்டு நாள் போயிற்று. மெல்லிய கீறல்களில் எமல்ஷனை அப்படியே ஊற்றினேன். அரை அங்குலத்துக்கு மேல் அகன்றவற்றில் உலர்ந்த நைஸ் மணலைக் கலந்து கெட்டியாக்கி, கரண்டியால் இரண்டு தடவையாக அழுத்தி நிரப்பினேன். நீர் வற்றும்போது கலவை சுருங்குவதால் ஒரே தடவையில் நிரப்பினால் நடுவில் குழி விழுகிறது. இதில் எதையும் வாளியின் மேல் அச்சிடவில்லை என்பதே என் முதன்மையான குறை.

மேல்பூச்சை ஒரே தடவையில் தடிமனாகப் பூசச் சொன்ன கடைக்காரரின் யோசனையும் தவறாகப் போனது. ஷெட் ஓரத்தில் அப்படிப் பூசிய இடத்தில் மேலே ஏடு படிந்து உள்ளே ஈரம் தங்கியதால், பல நாள் கழித்தும் கார் டயர் பதிந்தது. மற்ற இடங்களில் ஒரு நாள் இடைவெளி விட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்தேன். அங்கே ஒரு தடமும் இல்லை.

வடகிழக்குப் பருவமழை முடிந்து பார்த்தால், கோடு கோடாக இருந்த வெடிப்புகளில் அடைத்தது அடைத்தபடி நிற்கிறது. தண்ணீர் லாரி திரும்பும் கேட் அருகே வலை போலப் பின்னியிருந்த வெடிப்புகள் மட்டும் முதல் பெருமழைக்கே மீண்டும் வாய் திறந்தன. அடித்தளம் இளகிய இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது என்பதால் அதற்கு இந்தப் பொருளை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, அடிமண்ணை இறுக்கி, மூட்டையில் கிடைக்கும், சூடாக்காமலே போடக்கூடிய கோல்டு மிக்ஸ் (cold mix) தார் ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்திருக்கிறேன். கோடாக விழுந்த வெடிப்புகளுக்கு இதே எமல்ஷனை மறுபடியும் வாங்குவேன். வலைப்பின்னல் உள்ளவர்கள் அந்தப் பணத்தை நேராக கோல்டு மிக்ஸுக்கே செலவிடலாம்.