இ-ஸ்டாட்: ஜப்பானின் சம்பளக் கணக்கு, காசில்லாமல்

ஜப்பானியத் தொழிலாளர் சந்தையை ஆராய்வதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பை ஓட்டுவது இ-ஸ்டாட். ஜப்பான் அரசின் அமைச்சகங்கள் எடுக்கும் புள்ளிவிவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் தளம். 2008 முதல் இயங்குகிறது. எக்செல், சிஎஸ்வி கோப்புகளை இறக்கிக்கொள்ளக் கணக்குத் தொடங்கக்கூடத் தேவையில்லை. உங்கள் நிரலே தரவை நேரடியாக இழுத்துக்கொள்ளும் ஏபிஐ வழி வேண்டுமென்றால் மட்டும் பதிவு செய்ய வேண்டும், அதுவும் இலவசம்.

நான் அதிகம் மேய்வது ஊதியக் கட்டமைப்புக் கணக்கெடுப்பை. ஆண்டுதோறும் ஜூன் மாதச் சம்பளத்தை விசாரித்து எடுப்பது. வயது, பாலினம், படிப்பு, நிறுவனத்தின் அளவு, அங்கே எத்தனை வருடச் சர்வீஸ் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். பெரிய நிறுவன ஆண்களின் வரிசையை மட்டும் வரைந்து பாருங்கள். இருபதுகளில் தொடங்கி ஐம்பதுகள் வரை ஏறிக்கொண்டே போகும் சம்பளம், அறுபதைத் தாண்டியதும் சடாரென்று விழும். அறுபதில் ஓய்வு கொடுத்துவிட்டு, அதே ஆளைக் குறைந்த சம்பளத்துக்குத் திரும்ப எடுக்கும் வழக்கம் அங்கே அப்படியே தெரியும். பகுதிநேரப் பணியாளர்களின் மணிக்கூலியையும் வரையுங்கள்: வயது ஏறினாலும் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும்.

அடுத்தது, மாதாமாதம் சுமார் 40,000 குடும்பங்களிடம் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பு. 1975இல் 25-29 வயதுப் பெண்களில் 42.6 சதவீதம் பேர்தான் வேலையிலோ வேலை தேடியோ இருந்தார்கள். இன்று 85ஐத் தாண்டியாயிற்று. பெருமைதான். ஆனால் பணிவகை அட்டவணையையும் திறந்துவிடுங்கள்: சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கு மேல் நிரந்தரமில்லாதவர்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

குறைகள்? ஆங்கிலப் பக்கத்தில் இருப்பது ஒரு பகுதிதான். ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாதவர் ரொம்ப தூரம் போக முடியாது. தனிநபர் பதிவுகளும் கிடையாது, அதற்குப் புள்ளியியல் சட்டத்தின்கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், நிறுவனங்களிடம் சம்பளம் விசாரிக்கும் மாதாந்திரத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று இன்னொன்று இருக்கிறது (குடும்பங்களிடம் எடுப்பது வேறு). அதைப் பயன்படுத்துபவர்கள் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் தொடவே கூடாது. டோக்கியோவில் 500 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் எல்லாவற்றையும் கேட்க வேண்டிய தொழிலாளர் அமைச்சகம், 2004 முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது 2019 ஜனவரியில் பெரிய விவகாரமானது. சராசரிச் சம்பளம் குறைவாகப் பதிவாகி, அதை வைத்துக் கணக்கிட்ட வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையும் பலருக்குக் குறைந்துபோனது.

தளத்துக்கு ஐந்துக்கு நாலரை. அந்த மாதாந்திரக் கணக்கெடுப்புக்கு மட்டும் மூன்று, அதற்கு மேல் மனசு வரவில்லை.