பட்டாளத்துப் பழைய பைனாகுலர்: வாங்கிப் பல வருஷம் பயன்படுத்திய அனுபவம்

பட்டாளத்துப் பழைய சாமான் வாங்குவதில் ஆர்வம் என்றால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் முதலில் தேடுவது துப்பாக்கியைத்தான். லீ-என்ஃபீல்டு, மோசின்-நாகந்த் என்று ஒன்றை வாங்கி, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பாகங்களில் வெட்டியிருக்கும் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு மலேசியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், 1971-ல் வந்த சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. தோட்டத்தில் மண் வெட்டும்போது பழைய தோட்டா ஒன்று கிடைத்தால்கூட நினைவுக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் பட்டாளத்துச் சாமான்களில் உரிமம் எதுவும் தேவைப்படாத, தினமும் கைக்கு உதவுகிற ஒன்று இருக்கிறது. பைனாகுலர். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வேலை. பல வருஷமாக ஒரு பழைய பிரிட்டிஷ் ராணுவ பைனாகுலர் என் கழுத்தில்தான் தொங்குகிறது. முதல் தடவை வாங்க நினைக்கிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு நம் ஊர் ஈரத்தில் அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட சாமான்கள் மேல் பலருக்கு ஈடுபாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16-ம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரைக்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி என்று பல நாட்டுப் படைகளும் கூர்க்காக்களும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடி இந்தக் காடுகளில் அலைந்தார்கள். இந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் அந்தக் காலம் வந்துவிடும். சந்தையில் கிடைக்கிற பைனாகுலர் எல்லாம் அப்போது விட்டுப்போனவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிற்பாடு வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவையும் நிறைய இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்ற கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், கண்ணாடிக்குக் கொடுங்கள்.

என்னிடம் இருப்பது ‘இரண்டாம் நம்பர், மார்க் மூன்று’ என்ற ராணுவ மாடல், 6×30. ஆறு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர். 30-ஐ 6-ஆல் வகுத்தால் 5, அதாவது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 5 மில்லிமீட்டர் அகலம். கடற்படைக்காரர்களின் 7×50-ல் இது 7 மில்லிமீட்டருக்கு மேல் வரும், இருட்டில் அதுதான் நல்லது, ஆனால் அதன் கனத்தை முழுக் காலை கழுத்தில் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பிடரி சொல்லும். நடந்துகொண்டே வேலை பார்ப்பவனுக்கு 6×30 போதும். ஆறு மடங்கு என்பதால் கை நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் திருகு கிடையாது, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கிட்டத்துப் பொருள், தூரத்துப் பொருள் என்று மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. நான் பெரும்பாலும் ஒரே மாதிரி தூரத்தில்தான் பார்க்கிறேன், ஒரு தடவை சரிசெய்தால் நாள் முழுக்க அப்படியே விட்டுவிடலாம்.

வாங்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது முத்திரையைத்தான். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கு ஓர் அகன்ற அம்புக்குறி இருக்கும், கனடாவில் செய்ததில் அந்த அம்பு ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் இருக்கும். போர்க்கால ஜெர்மன் பைனாகுலர்களில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மூன்று சிறிய எழுத்துகளில் ரகசியக் குறி போட்டிருப்பார்கள். இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பளபளக்கும் புதுப் பித்தளையில் 1940-களின் ஆண்டைப் பொறித்துவிட்டுப் பழசு என்று விற்கப்படுபவையும் இருக்கின்றன, அவற்றின் கண்ணாடி அலமாரியில் வைக்க மட்டும்தான் உதவும். ஆனால் உண்மையான முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கினாலும் அதே அலமாரிதான்.

என் கணக்கில் முதல் சோதனை இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். தூரத்தில் கிடைமட்டமாக ஒரு கோட்டைத் தேடுங்கள், கடைவீதியில் எதிர்ச்சாரிக் கூரை முகடோ மின்கம்பியோ போதும். பைனாகுலரை மேசை மேல் அசையாமல் வைத்து அதைப் பாருங்கள். அப்புறம் கண்ணை மட்டும் மெதுவாக ஒரு சாண் தூரம் பின்னுக்கு இழுங்கள். இப்போது படம் இரண்டு சின்ன வட்டமாகப் பிரிந்து தெரியும். இடது வட்டத்தில் கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறதோ அதே உயரத்தில் வலது வட்டத்திலும் ஓட வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் கொஞ்சம் பிசகினால் கண் சமாளித்துக்கொள்ளும், கிட்டத்தில் எதையாவது பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்புவது பழக்கமான வேலைதானே. ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைக் கீழேயும் திருப்ப நம்மால் ஏறக்குறைய முடியவே முடியாது. கடையில் நின்று அரை நிமிஷம் பார்க்கும்போது மூளை எப்படியோ இரண்டு படத்தையும் ஒட்டிக் காட்டிவிடும், குறை தெரியாது. கால் மணி நேரம் பார்த்தால் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கும். அதனால் கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாமல் சில நிமிஷம் தொடர்ந்து பாருங்கள், பைனாகுலரை இறக்கியதும் கண்ணை யாரோ பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் அது பிசகியதுதான்.

அப்புறம் லேசாகக் குலுக்கிக் காதில் வைத்துக் கேளுங்கள். உள்ளே கடகடவென்றால் பட்டகம், அதாவது ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி, இடம் பெயர்ந்திருக்கிறது. திருகாணித் தலைகளைப் பாருங்கள், கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், திறந்தவருக்குத் திரும்ப நேராக்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நடுக் கீல் லொடலொட என்று ஆடக் கூடாது, நீங்கள் வைத்த அகலத்தில் நிற்க வேண்டும். கண்பக்கத்துத் திருகு இறுகிப் போயிருப்பது சகஜம், பழைய கிரீஸ் கெட்டியாகிவிடும், அது பழுதுபார்ப்பவர் கையில் சரியாகிற விஷயம். வெளியே பெயிண்ட் உரிந்து பித்தளை தெரிவதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

கண்ணாடிக்குள் பார்க்க சின்ன டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். முன்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்துக் கண்பக்கமாகப் பாருங்கள், பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். தூசு இரண்டு மூன்று பொட்டு இருந்தால் கவலை இல்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறத்திலோ குமிழாகவோ தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைப் பிரித்து ஒட்டுவதற்கு ஆகும் செலவில் இன்னொன்று வாங்கலாம். வெறும் புகை மாதிரி மங்கல் என்றால் துடைத்தால் போகும் வாய்ப்பு அதிகம், ஆனால் திறந்து துடைத்து மறுபடி நேராக்கத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பூஞ்சை விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம், அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும், பூஞ்சையைத் துடைத்த பிறகும் தடம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று. பழைய ராணுவ திசைகாட்டிகளும் கைக்கடிகாரங்களும் பக்கத்திலேயே விற்பார்கள். இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் பூசிய பெயிண்டில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிவிட்டாலும் ரேடியம் அப்படியே இருக்கும். ஆர்வத்தில் திறந்து சுரண்டாதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். வயதான செம்பனை மரங்களில் உச்சி எங்கோ இருக்கும், தரையில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் மட்டைகளுக்கு நடுவே குலை பழுத்ததா இல்லையா என்று சொல்வது கஷ்டம். கீழே உதிர்ந்த பழம்தான் பழுத்ததற்கு அடையாளம், அது மாறப் போவதில்லை, ஆனால் எந்தக் குலையிலிருந்து உதிர்ந்தது என்பதை பைனாகுலரில் உடனே பார்த்துவிடலாம். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருந்தால் பிற்பாடு விரிகிற ஓலையில் கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணமாக இடைவெளி தெரியும், அதை வரிசைக்கு வரிசை நடந்து கழுத்தை நிமிர்த்தித் தேடுவதைவிட ஓரிடத்தில் நின்று இருபது முப்பது மரத்தைப் பார்த்துவிடுவது எவ்வளவோ மேல். என் பைனாகுலரில் ஒரு கண்ணுக்குள் மட்டும் சின்னச் சின்ன கோடுகள் வரைந்திருக்கும், அரை டிகிரி இடைவெளியில், அரை டிகிரி, ஒரு டிகிரி உயரத்தில். பீரங்கிக்காரர்களுக்கும் காலாட்படைக்கும் தேவைப்பட்டது அது. நான் உயரம் அளக்கப் பயன்படுத்துகிறேன். சுமார் 57 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 1 மீட்டர், அதை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முழு நிலாவைப் பாருங்கள், நிலாவின் அகலமும் ஏறக்குறைய அரை டிகிரிதான். ஆனால் சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பது நம் நாட்டில் பழக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்யாமல் ஆந்தை குடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள முடிவது எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம். இங்கேதான் இதன் குறையும் தெரியும். போர்க்காலத்தில் செய்த பெரும்பாலானவற்றைப் போல இதன் கண்ணாடிகளுக்கும் ஒளி திரும்பிப் போவதைக் குறைக்கும் பூச்சு கிடையாது. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் 4 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், ஒரு குழலில் பத்துப் பரப்புக்குக் குறையாமல் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடுகிறது. பகலில் இது தெரியவே தெரியாது. மாலை ஏழு மணிக்கு மேல், ஆந்தை வெளியே வருகிற நேரத்தில், நல்ல பூச்சுள்ள இன்றைய சாதாரண பைனாகுலர்கூட இதைவிட வெளிச்சமாகக் காட்டும். வெயில் எதிரே இருந்தால் படம் வெளுத்துப் போகும். பறவை பார்க்கவென்றே வாங்குகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், மலையோரத்தில் இருவாய்ச்சி பறந்தால் அந்தக் கறுப்பு வெள்ளை தெரியும், சின்னக் குருவியின் நிறத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது.

மழைதான் அடுத்த பகை. இதற்குள் இன்றைய பைனாகுலர் மாதிரி நைட்ரஜன் அடைத்து மூடியிருக்கவில்லை. தூறல் விழுந்தாலே சட்டைக்குள் போட்டுக்கொள்கிறேன். ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி வியர்த்துவிடும், பையோடு வெளியே வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும்.

வைத்திருக்கும் முறையைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல நிலையில் வாங்கிய பைனாகுலரை நம் ஊரில் கெடுப்பது இதுதான். அதோடு வருகிற தோல் பெட்டி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதிலேயே பூஞ்சை வளரும், அங்கிருந்து கண்ணாடிக்குப் போகும். என்னுடைய தோல் பெட்டி தனியாக, காலியாக இருக்கிறது. பைனாகுலர் இருப்பது ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், கூடவே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 45, 50 விழுக்காட்டில் நின்றால் போதும். வெளியே நம் காற்றில் 80-க்கு மேல் இருப்பது சாதாரணம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும். ஈரம் பட்ட நாளில் உடனே டப்பாவில் அடைக்காமல், மின்விசிறிக்கு முன்னால் இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள்தான் உள்ளே வைப்பேன். இத்தனை வருஷத்தில் புதிதாக ஒரு இழை பூஞ்சை வரவில்லை. அடிக்கடி வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நண்பர் ஒருவர் கிழக்கு ஜெர்மன் ராணுவத்தின் 7×40 வைத்திருக்கிறார், ஜெனாவில் சைஸ் கம்பெனி செய்தது. ரப்பர் போர்த்தியது, மழைக்குக் கவலை இல்லை, படம் சற்று மஞ்சள் சாயலாக இருந்தாலும் என்னுடையதைவிடத் தெளிவு. உள்ளே கோடுகளை ஒளிர வைக்க டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும், அதன் பாதி ஆயுள் 12 வருஷம் சொச்சம்தான் என்பதால் இன்று கிடைப்பவற்றில் அது மங்கிப்போயிருக்கும், விற்பவர் இரவில் ஒளிரும் என்று சொன்னால் இருட்டறையில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பட்ஜெட் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். இல்லையென்றால் ஈப்போ பழைய சாமான் சந்தை மாதிரி கையில் எடுத்துப் பார்க்க விடுகிற இடத்தில் ஒரு 6×30 தேடுங்கள். படத்தை மட்டும் போட்டு ஆன்லைனில் விற்பவரிடம் வாங்குவதாக இருந்தால், டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் எடுத்த படத்தையும், இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற வார்த்தையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் தர மறுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.