ஓடூவில் மேசைக்கு ஆப்ஷன் போடுவது: வேரியண்ட் வேண்டுமா, வேண்டாமா?

ஆர்டருக்கு மேசை செய்யும் பட்டறையில் ஓடூ (விற்பனை, ஸ்டாக், உற்பத்தியைக் கவனிக்கும் மென்பொருள்) போட்டதும் வரும் முதல் குழப்பம், மரம், நிறம், அளவு என்று ஒவ்வொரு பண்பிலும் வேரியண்ட்டை (ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தனிப் பொருள் பதிவு) உடனே உருவாக்கச் சொல்வதா, உருவாக்கவே வேண்டாம் என்று விடுவதா என்பதுதான்.

எண்ணிக்கை: உடனே என்றால் 3 மரம், 4 நிறம், 5 அளவுக்கு 60 வேரியண்ட், கைப்பிடியில் 2 வகை சேர்த்தால் 120. வேண்டாம் என்றால் எத்தனை ஆப்ஷன் வந்தாலும் ஒரே பொருள்.

ஸ்டாக்: வேரியண்ட்டுக்குத் தனி இருப்பு, தனி பார்கோடு. வேண்டாம் என்று விட்டால் தேக்கு மேசையும் மாமர மேசையும் ஒரே கணக்கில் விழும், குடோனில் எது எவ்வளவு என்று போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உற்பத்தி: வேரியண்ட் இங்கேயும் கைகொடுக்கும். பிஓஎம்மில் (பொருள் செய்யத் தேவையான மூலப்பொருள் பட்டியல்) ஒவ்வொரு வரிக்கும் 'இந்த வேரியண்ட்டுக்கு மட்டும்' என்று குறித்துவிட்டால், தேக்கு மேசைக்கான உற்பத்தி ஆர்டரில் தேக்குப் பலகை தானாக வந்துவிடும், யாரும் கையால் மாற்ற வேண்டியதில்லை.

விலை: கூடுதல் விலை இரண்டிலும் போடலாம்.

ஆக, மூலப்பொருளை மாற்றும் மரத்துக்கும் அளவுக்கும் வேரியண்ட். பெயர் பொறிப்பது, பரிசுக் கட்டு மாதிரியான சில்லறை விஷயங்களுக்கு வேண்டாம். ஒரே பொருளில் இரண்டையும் கலக்கலாம். சேர்க்கைகள் எக்கச்சக்கம், ஆனால் விற்பது சிலதுதான் என்றால், ஆர்டரில் சேர்க்கும்போது மட்டும் வேரியண்ட் உருவாகும் நடுவழியும் உண்டு.

அப்புறம் ஒன்று, பண்பை ஒரு பொருளில் சேர்த்தபின் அதன் வேரியண்ட் உருவாக்கும் முறையை மாற்ற ஓடூ விடாது. முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.