12 இஞ்ச் பை என்று கொடுத்தார்கள்: மாடித்தோட்டப் பைகள் பற்றி

மூன்று வகைப் பைகளையும் என் மாடியில் வைத்துப் பார்த்தாயிற்று. நர்சரியில் தரும் கருப்பு பாலித்தீன் பை, பச்சை ஹெச்டிபிஇ பை (தடித்த பிளாஸ்டிக் இழையில் நெய்தது), ஆன்லைனில் வரும் துணிப்பை. கடலூர் வெயிலுக்கு என் ஓட்டு ஹெச்டிபிஇக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் அளவு விஷயம், கடையில் ஏமாறுகிற இடமே அதுதான்.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு நர்சரியில் தக்காளிக்குப் பை கேட்டேன். "12 இஞ்ச் போதும் சார்" என்று பாலித்தீன் பைகளைக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் மண்ணைக் கொட்டி நிமிர்த்தினால் வாய் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பாலித்தீன் பையைத் தட்டையாக வைத்து அகலத்தைச் சொல்கிறார்கள், ஹெச்டிபிஇ பைக்கு விட்டத்தைச் சொல்கிறார்கள், பெயர் மட்டும் இரண்டுக்கும் 12 இஞ்ச். உயரமும் 12 என்று கணக்குப் போட்டால் முன்னது 9 லிட்டர் மண் பிடிக்கும், பின்னது 22 லிட்டர். திரும்பப் போய்க் கேட்டதற்கு "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றோம்" என்றார். சரி, இனி டேப்போடு போக வேண்டியதுதான்.

அப்புறம், 12க்கும் 15க்கும் மூன்று அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். 15க்கு 15 பை 43 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவ்வளவு மண்ணும் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வீட்டு மாடி என்றால் சுவரோரமாக வையுங்கள். தக்காளி, கத்திரிக்கு 15, மிளகாய்க்கு 12, கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் போதும்.

துணிப்பை மோசம் என்று சொல்ல மாட்டேன். வேர் நுனி பக்கவாட்டில் காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே புதுக் கிளை வேர் விடும், பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரும் தேங்காது. ஆனால் கத்திரி வெயிலில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது, போர் தண்ணீர் என்றால் துணியின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். இரண்டு வேளையும் ஊற்ற ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் அது சரிப்படும், என் ஓட்டு ஹெச்டிபிஇக்குப் போனது அதனால்தான்.

அதே நர்சரியில் நாற்றும் வாங்கினேன். கத்திரி நாற்று அருமை: குழித்தட்டிலிருந்து மெல்ல உருவினால் வெள்ளை வேர் கட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே வந்தது, சாயங்காலம் நட்டு இரண்டு நாள் நிழலில் வைத்தேன், ஒன்றுகூடத் துவளவில்லை. தக்காளி நாற்றில் மட்டும் தட்டிலேயே பூ விட்டதை எடுத்துக் காட்டி "சீக்கிரம் காய்க்கும்" என்றார்கள். அதை வாங்காதீர்கள். இடம் போதாமல் தவித்துத்தான் அது பூக்கிறது, பெரிய பைக்கு மாற்றினாலும் சரியாக எழுந்து வராது. தட்டின் அடியில் வேர் பழுப்பாகச் சுருண்டிருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

வெண்டை, வெள்ளரி, கொத்தவரை நாற்றுகூட விற்கிறார்கள், எதற்கென்றே தெரியவில்லை! வெண்டை விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூத்துவிடுகிற செடி. அதைப் பிடுங்கி நட்டு, அது வேர் பிடிக்க ஒரு வாரம் போனால் மிச்சம் வளர நாள் எங்கே? வெள்ளரிக்கு வேரைத் தொட்டாலே ஆகாது. இந்த ரகங்களுக்கெல்லாம் கடைசிவரை இருக்கப்போகிற பையிலேயே நேராக விதையைப் போடுங்கள், சின்னக் கப்பில் ஆரம்பித்துப் படிப்படியாக மாற்றுகிற வேலையே வேண்டாம். மிளகாய், கத்திரி பல மாதம் காய்ப்பவை, இடம் மாறிய சிரமத்திலிருந்து தேற அவற்றுக்கு அவகாசம் உண்டு.

ஹெச்டிபிஇ வாங்கும்போது 220 ஜிஎஸ்எம்மா (சதுர மீட்டருக்கு 220 கிராம் கனம்), வெயிலில் நைந்துபோகாமல் இருக்க யூவி பாதுகாப்பு உள்ளதா என்று கேளுங்கள், அடியில் ஓட்டை போதுமா என்று திருப்பிப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஓட்டைகள் பக்கவாட்டில் மட்டும் இருந்தன, அடியில் நானே சூட்டுக் கம்பியால் போட்டுக்கொண்டேன். கைப்பிடி இன்னும் பிய்யவில்லை. கத்திரி நாற்றுக்கு அந்த நர்சரிக்கே போவேன், பைக்குப் போக மாட்டேன்.